குருமடமும் தாய்மொழியும்

கழக்கூட்டம் என்றவுடன் இன்று பலருக்கும் நினைவில் எழுவது 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கே ஆகும். வரலாறு பயின்றோர், மார்த்தாண்டவர்மரை எதிர்த்து அழிந்த எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரான கழக்கூட்டத்துப் பிள்ளையை நினைப்பர். அறிவியல் மாணவரோ பக்கத்துத் தும்பாவையும், 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து விண்ணில் எழுந்த முதல் ராக்கெட்டையும் சொல்வர். நான் எழுதப் புகுவது இவற்றைப் பற்றி அன்று. இவ்வூரைச் சுற்றி ஓசையின்றி நடைபெற்றுவரும் சமயக் கல்விக்கூடங்களைப் பற்றியும், அவற்றுக்கும் தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றியுமே எழுதுகின்றேன்.

நம் காரியவட்டம் வளாகத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் மேனம்குளம் வரும். அங்கே இலத்தீன் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தின் புனித வின்சென்ட் குருமடம் உள்ளது. நகரை நோக்கித் திரும்பினால் நாலாஞ்சிறையில் 1983-இல் தொடங்கிய மலங்கரைக் கத்தோலிக்கரின் பெரிய குருமடம். இன்னும் சென்றால் கண்ணம்மூலையில் 1943-இல் நிறுவப்பெற்ற கேரள ஐக்கிய இறையியற் கல்லூரி. இவற்றுக்கு இடையே செம்பழந்தி; நாராயண குரு பிறந்த ஊர். பேருந்தில் இவ்வழியே நாள்தோறும் போய்வரும் நம்மில் எத்தனை பேர் இக்கூடங்களின் வாயிலுக்குள் எட்டிப் பார்த்திருப்போம்? மருத்துவம் கற்பிக்கும் கல்லூரியில் என்ன நடக்கிறது என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும். இறைவனைப் பற்றிக் கற்பிக்கும் கல்லூரியில் என்ன நடக்கிறது என்பது, அவ்விறைவனை நாள்தோறும் தொழுவோர்க்கே தெரியாது!

குருமடத்தைக் குறிக்கும் 'செமினாரி' என்ற சொல் இலத்தீன் மொழியில் நாற்றங்காலைக் குறிப்பது. 1563-இல் திரிதெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் குருக்களை இளமையிலேயே தேர்ந்து வளர்க்க இத்தகைய நாற்றங்கால் ஒன்றை வைத்தல் வேண்டும் என்று விதித்தது. பெயர் பொருத்தமானதே. விதைப்பதும் அடர்ந்து வளர்வதும் ஓரிடத்தில். பிடுங்கி நடுவது வேறிடத்தில். ஆயினும், உழவன் நாற்றங்காலின் மண்ணையும் நடவு வயலின் மண்ணையும் ஒத்துப் பார்த்தே நாற்று விடுகிறான். குருமடங்களின் வரலாற்றில் இந்த ஒத்துப்பார்த்தல் பல இடங்களில் தவறிப்போயிற்று.

மலையாள நாட்டிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. 1541-இல் பிரான்சிஸ்கன் துறவியர் கொடுங்ஙல்லூரில் ஒரு குருமடம் தொடங்கினர். தோமையார் வழிவந்த கிறித்தவர்களின் பிள்ளைகளை அங்கே சேர்த்து இலத்தீன் கற்பித்து, இலத்தீன் முறையில் பூசை செய்யப் பழக்கினர். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய அவ்விளைஞரைச் சொந்த மக்களே ஏற்கவில்லை. அம்மக்களின் வழிபாட்டு மொழி சுரியானி. அஃது அறியாத குரு அவர்களுக்குக் குருவல்லர். பல ஆண்டுகளின் படிப்பு, ஊர் எல்லையில் பயனற்று நின்றது. இதைக் கண்ட இயேசு சபையார் 1587-இல் சேந்தமங்கலத்தை அடுத்த வைப்பிக்கோட்டையில் வேறொரு குருமடம் நிறுவி, அங்கே சுரியானியைப் பாடமாக வைத்தனர். அதன்பின்னரே அவர்களிடம் பயின்றோர்க்கு ஊரில் இடம் கிடைத்தது. மக்கள் விரும்பிய சுரியானியும் அவர்களின் வீட்டு மொழியன்று என்பது வேறு செய்தி. தம்முடையது என்று அவர்கள் கொண்ட மொழி அது, அவ்வளவே.

பின்னர் இயேசு சபையாரின் கல்விக்கூடம் அம்பலக்காட்டில் அமைந்தது. தமிழ் மாணவர் நினைவில் வைத்தற்குரிய ஊர் இது. மதுரைப் பணித்தளம் அக்காலத்தில் மலபார் மாகாணத்தோடு இணைந்திருந்தமையால் அங்கே தமிழும் பயிலப்பெற்றது. தத்துவ போதகரின் ஞானோபதேசம் அங்கேதான் அச்சேறியது. அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கீசியத் துறவி தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியும், அவர் 1666-இல் மறைந்தபின், 1679-இல் அங்கேயே அச்சாயிற்று. அகராதிகள் அரசவையிலோ அறிஞர் மன்றத்திலோ தோன்றியிருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். தமிழில் அச்சான முதல் அகராதியோ, மலையாள நாட்டில், ஒரு சிறு குருமடத்தில், பாவமன்னிப்புக் கேட்க வரும் மக்களின் பேச்சு வெளிநாட்டார்க்கு விளங்கவேண்டும் என்னும் தேவையால் பிறந்தது. இதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன், 1578-இல், கொல்லத்தில் அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அந்நூலின் முகப்பிலேயே மொழியின் பெயர் 'மலவார் தமிழ்' என்று இருக்கிறது. தம்பிரான் என்னும் சொல்லையும் நோக்குக. சைவ மடங்களில் துறவியரைக் குறிக்கும் சொல் கடற்கரைக் கிறித்தவர்க்கு முழுமுதற் கடவுளைக் குறிக்க நின்றது. இறையியலில் பாதி, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலையே என்று எனக்குத் தோன்றுவதற்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

நிற்க. இன்று இத்தகைய கல்லூரியில் என்ன கற்பிக்கிறார்கள்? கத்தோலிக்கக் குருமடத்தில் பள்ளிப் படிப்பை முடித்துச் சேரும் இளைஞர் முதலில் சிறு குருமடத்தில் இருப்பார். பின்பு மெய்யியலும் இறையியலும். 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இவ்விரண்டுக்கும் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் வேண்டும் என்கிறது; மெய்யியலுக்கு இரண்டு, இறையியலுக்கு நான்கு. இடையில் பங்குகளில் தங்கிப் பணி பழகும் காலமும் சேர்ந்தால் பத்தாண்டுக்கு மேல் ஆகும். சீர்திருத்தச் சபைகளின் கல்லூரிகள் பெரும்பாலும் செராம்பூர் முறையைப் பின்பற்றுவன. வங்காளத்துச் செராம்பூரில் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் 1818-இல் தொடங்கிய கல்லூரிக்கு, 1827-இல் தென்மார்க்கு அரசர் பட்டமளிக்கும் உரிமை வழங்கினார். கண்ணம்மூலையில் பயில்வோரும் அந்தச் செராம்பூர்ப் பட்டமே பெறுகின்றனர். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, கோட்பாட்டு இறையியல், பிற சமயங்கள், மறையுரைக் கலை, துயருற்றோர்க்கு ஆற்றுதல் செய்யும் முறை ஆகியவை பாடங்கள். கிரேக்கமோ எபிரேயமோ விரும்புவோர் கற்கலாம். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருப்பட்டம் பெறுவதால் வகுப்பில் அவர்களும் இருப்பர்.

சிறிய கல்லூரிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நம் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வகுப்பில் தோன்றி மறைவார். அங்கேயோ ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் எழுந்து, ஒரே கோயிலில் வேண்டி, ஒரே உணவறையில் உண்கின்றனர். மாணவன் தேர்வில் பெறும் எண் மட்டும் அவனை முடிவு செய்வதில்லை. அவன் சினம் கொள்வது, தட்டைக் கழுவுவது, நோயுற்ற தோழனைப் பார்த்துக்கொள்வது எல்லாம் கணக்கில் சேரும். இதில் நன்மையும் உண்டு, அச்சமும் உண்டு. எப்போதும் கவனிக்கப்படுகிறோம் என்னும் எண்ணத்தில் வளர்பவன் உண்மையாகவே நல்லவனாகலாம். நல்லவனாகத் தோன்றக் கற்றவனாகவும் ஆகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய வல்ல ஆசிரியர் வாய்ப்பது அக்கல்லூரியின் நற்பேறு.

குருமடத்தில் சேர்வதற்கு அடிப்படை 'இறையழைத்தல்' என்பர். மலையாளத்தில் இதனைத் 'தெய்வவிளி' என்கின்றனர். தொல்காப்பியம் படித்த நமக்கு விளிமரபு தெரியும். எட்டாம் வேற்றுமையும் தெரியும். ஆனால் விளிதல் என்பது தமிழில் இறத்தலுமாம். இந்த இரட்டைப் பொருளை ஒரு மலையாள நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "துறவுக்கு இரண்டும் பொருந்தும்" என்றார். இதுபோலவே 'வைதிகர்' என்றால் இங்கே கிறித்தவக் குரு. நம் ஊரில் வேதம் ஓதும் அந்தணர். எல்லை கடந்தால் சொல் சமயம் மாறுகிறது.

அழைத்தல் என்பதை எவ்வாறு அறிவது என்பது மிகப் பழைய வினா. மறைநூல் வல்லோர் பல விடை கூறுவர். நான் ஒரு விடையை என் உடன்பயின்ற ஒருவரிடம் கேட்டறிந்தேன். குமரி மாவட்டக் கடற்கரையினர், என்னினும் மூத்தவர். வேறு மாநிலக் குருமடம் ஒன்றில் மெய்யியல் முடித்து, ஒரு கடற்கரைப் பங்கில் பணி பழகிவந்தபோது 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. குமரி, திருவனந்தபுரம் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. ஆறுதல் சொல்ல இவரை ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். மகனை இழந்த தாய் இவர் கையைப் பற்றிக்கொண்டு, "எம் பிள்ளய எதுக்கு மக்கா எடுத்தாரு?" என்று கேட்டாராம்.

"தம்பி, தீமை ஏன் உளது என்னும் தலைப்பில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி வகுப்பில் முதல்வனாக வந்தவன் நான். அன்றைக்கு வாயைத் திறந்தால் அந்தக் கட்டுரையின் ஆங்கிலத் தொடர்கள்தான் நெஞ்சில் ஓடின. அம்மைக்குச் சொல்ல ஒரு சொல் இல்லை. பேசாமல் நின்றேன்" என்றார்.

"பேசாமல் நின்றது நல்லதுதானே, அண்ணா? அந்த நேரத்தில் என்ன விடை சொன்னாலும் பொருந்தாதே?" என்றேன்.

"சொல் இருந்தும் பேசாமலிருப்பது வேறு. சொல் இல்லாமல் நிற்பது வேறு. அந்த அம்மைக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றியிருக்கலாம். எனக்குத் தெரியும், எது என்று" என்றார் அவர்.

பின்னர் அவ்வூர் உபதேசியார் வந்தாராம். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். திண்ணையில் அமர்ந்து, பையன் எந்த வள்ளத்தில் போனான், புறப்படும்போது என்ன உண்டான், யாரோடு போனான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தாய் சொல்லச் சொல்லக் கேட்டிருந்துவிட்டு, தவக்காலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கத்தின் இராகத்தில், மகனை மடியில் ஏந்திய மாதாவைப் பற்றி மெல்லச் சொல்லத் தொடங்கினார். வீடு முழுவதும் அழுதது. அதுவரை அத்தாய் அழவில்லையாம்.

என் நண்பர் சில மாதங்களில் குருமடத்தை விட்டு விலகித் தமிழ் முதுகலையில் சேர்ந்தார். விலகியதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். கடற்கரை ஊர்களில் குருமடத்திலிருந்து திரும்பிய பையனைப் பார்க்கும் பார்வை எளிதன்று. முழுக் குடும்பமும் தலைகுனியும். நாற்றங்காலில் விட்டதெல்லாம் நடவுக்கு வருவதில்லை என்பது உழவர்க்குத் தெரியும். ஊராருக்கு ஏனோ தெரிவதில்லை. விலகியவர் பலர் நல்ல ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்குகின்றனர். ஆராய்ந்து முடிவெடுக்கத்தானே அத்தனை ஆண்டுப் பயிற்சி!

அவர் குறையை நான் குருமடத்தார்மேல் ஏற்றவில்லை. பல மொழி மாணவர் கூடும் இடத்தில் ஆங்கிலம் தவிர்க்கவியலாதது. முன்னாளில் இலத்தீன் அவ்விடத்தில் இருந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1893-இல் கண்டியில் நிறுவிய குருமடத்துக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் சென்றனர். 1955-இல் அது பூனாவுக்கு மாறியது. அங்கே சென்றவர்கள் இலத்தீனிலேயே பாடம் கேட்டனர். தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட ஏட்டின் பின்னரே. மேற்சொன்ன 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் ஓர் அரிய விதி உள்ளது: குருமாணவர்க்குத் தாய்மொழியைச் செம்மையாகக் கற்பித்தல் வேண்டும் என்பது. இலத்தீன் நன்கு தெரிந்திருத்தல் வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. ஆனால் தாய்மொழியே முதலில் நிற்கிறது. சட்டம் இருக்கிறது, செம்மையாகக் கற்பிப்பவர் எத்தனை பேர் என்பதே வினா.

கற்பித்த இடங்கள் இருந்தன. ஜி. யூ. போப் 1840-களில் திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்தில் ஒரு செமினாரி நடத்தினார். திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த முதியவரையே நாம் அறிவோம். பையன்களைக் கடுமையாக வேலைவாங்கிய இளம் ஆசிரியரை அறிவதில்லை. அவர் சென்ற பின், 1853-இல், அக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தவர் வைணவராகிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. சமயக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வேற்றுச் சமயப் புலவரை அமர்த்தியதைக் கவனிக்க வேண்டும். தமிழ் கற்றவரே தமிழ் கற்பிக்கத் தக்கார் என்று அவர்கள் கருதினர். அவர் 1858-இல் கிறித்தவரானதும், 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்ததும் பின்னிகழ்ந்தவை.

இதற்கு மறுதலையான வரலாறு தனிநாயகம் அடிகளுடையது. இவர் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913-இல் பிறந்தவர். கொழும்பில் மெய்யியலும், உரோமையில் இறையியலும் பயின்று, 1938-இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்றது எந்த மறைமாவட்டத்துக்காக? நம் திருவனந்தபுரத்து மலங்கரை மறைமாவட்டத்துக்காக! 1930-இல் உரோமையோடு இணைந்த மார் இவானியோசு ஆண்டகையின் கீழ்ப் பணியாற்ற வந்தவர் அவர். ஆண்டகையும் ஒருகாலத்தில் செராம்பூரில் பேராசிரியராக இருந்தவரே. அடிகளார் உரோமையில் எழுதிய ஆய்வேடு மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேசு நகரக் குருக்களைப் பற்றியது. இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் பலவற்றில் பழகியவர். இத்தகையவர் 1940-இல் வடக்கன்குளம் பள்ளியில் பணியேற்றபோது, தம் தாய்மொழி இலக்கியம் தமக்குப் போதிய அளவு தெரியாது என்பதை உணர்ந்து, ஒரு பண்டிதரிடம் மாணவராக அமர்ந்தார். வயது இருபத்தேழு. கையில் உரோமைப் பட்டம்! பின்னர் 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளைஞரோடு இளைஞராகச் சேர்ந்து தமிழ் பயின்றார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை இவ்விதழைப் படிப்போர் அறிவர். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' முத்திங்கள் இதழ். 1964-இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. மன்றத்தைத் தோற்றுவிக்க அவரோடு நின்றவர் நம் பல்கலைக்கழகத்தின் வ. அய். சுப்பிரமணியம். அவர் பிற்காலத்தில் நிறுவிய திராவிட மொழியியல் பள்ளியும் மேனம்குளத்தில்தான் இருக்கிறது. அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் அகராதி உரோமையில் வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதனை 1966-இல் மீண்டும் பதிப்பித்துத் தந்தவரும் தனிநாயகம் அடிகளே. ஒரு குருமடத்தின் வேலையை மற்றொரு குருமடத்தின் மாணவர் முந்நூறு ஆண்டுக்குப் பின் மீட்டார்.

கிறித்தவக் கூடங்களையே சொல்லி வந்தேன். செம்பழந்தியைக் கடந்து போக மனம் ஒப்பவில்லை. 1856-இல் அங்கே பிறந்த நாராயண குரு குருமடம் எதிலும் பயிலாதவர். ஆசான் வீட்டில் வடமொழி. தைக்காட்டு அய்யாவிடம் யோகம். தமிழ்ச் சித்தாந்த நூல்களைக் கற்றுத் தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளில் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளமாக்கினார். 1924-இல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டியபின், எல்லாச் சமயங்களையும் அன்போடு கற்பிக்கும் பாடசாலை ஒன்று சிவகிரியில் அமைய வேண்டும் என்று விரும்பினார். அவர் 1928-இல் மறைந்தார். பின்னர் அங்கே தோன்றிய பிரம்மவித்தியாலயம் துறவு மாணவரைப் பயிற்றுகிறது. பிற சமயங்களைப் பாடமாக வைப்பது இன்று இறையியற் கல்லூரிகளில் வழக்கமாயிற்று. அதனை 1924-இலேயே, தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களின் நடுவிலிருந்து எண்ணியவர் அவர்.

தமிழ்நாட்டில் இவ்வழியில் துணிந்த கூடம் 1969-இல் தோன்றிய மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியற் கல்லூரி. செராம்பூரின் பி.டி. பாடங்களைத் தமிழிலேயே நடத்தினர். கலைச்சொல் இல்லையே என்னும் தடையை, எழுதி எழுதியே கடந்தனர். அங்கே ஆசிரியராயிருந்த தியாபிலஸ் அப்பாவு இன்னும் ஒருபடி சென்றார். மேடைத் தமிழும் போதாது, கருநாடக இசையும் போதாது என்று கருதி, உழைக்கும் மக்களின் பேச்சிலும் நாட்டுப்புற மெட்டிலும் பாடல்களையும் வழிபாட்டு முறையையும் இயற்றினார். கோயிலுக்குள் பறை ஒலிப்பதா என்று முகம் சுளித்தோர் உண்டு. அப்பறையை அடித்தவர்களின் பிள்ளைகளே அக்கோயில்களில் பெரும்பான்மையர் என்பதை அவர் அவர்களுக்கு நினைவூட்டினார். 2005-இல் அவர் மறைந்தார். அவர் பாடல்களை இன்றும் ஊர்ப்புறச் சபைகளில் பெண்கள் கும்மியடித்துப் பாடுகின்றனர்.

என் நண்பர் இப்போது கடற்கரை ஊர்களின் வியாகுலப் பிரசங்க ஏடுகளைத் தேடித் தொகுத்து வருகிறார். பழைய கையெழுத்துப் படிகள் சில உபதேசியார் வீடுகளில் உப்புக்காற்றில் இற்றுக் கிடக்கின்றனவாம். அவற்றுள் ஒன்றை அவர் சென்ற மாதம் துறைக்குக் கொண்டுவந்தார். ஓரங்கள் உதிர்ந்திருந்தன, ஆனால் அடிக்கடி வாசித்த பக்கங்கள் எவை என்பது விரல்பட்ட கறையால் நன்றாகத் தெரிந்தது.